தெருவில் விடப்பட்ட பூனைக்குட்டிக்கு நாம் கடமைப்பட்டிருக்கிறோமா?



தலைப்பைக் கண்டதும் உங்களிற் சிலர் முகம் சுளிக்கக்கூடும். "மனிதருடைய துன்பமே மலைபோற் குவிந்து கிடக்கும் இந்நாட்டில் பூனைக்குட்டிக்கு ஒரு கட்டுரையா?" என்று கேட்போரும் இருப்பர். அக்கேள்வி நியாயமானது. அதற்கு மறுமொழி சொல்லாமல் இக்கட்டுரையை முடிக்கும் எண்ணம் நமக்கில்லை. ஆயினும் முதலில், நாம் எல்லோரும் கண்டிருக்கும் ஒரு காட்சியை நினைவுக்குக் கொண்டுவருவோம்.

மீன்சந்தையின் பின்புறத்தில், பாடசாலை மதிலோரத்தில், ஏன், நமது கோயில் வளவிலேயே, ஒரு காகிதப் பெட்டியிலோ உரப்பையிலோ மூன்று நான்கு பூனைக்குட்டிகள் கிடக்கின்றன. கண்களில் பீளை. வயிறு மட்டும் உடுக்குப்போல ஊதியிருக்க, முதுகெலும்பு துருத்தி நிற்கின்றது. பின்புறமெல்லாம் வயிற்றோட்டத்தால் அழுக்கடைந்திருக்கின்றது. மறைக்கல்வி முடிந்து வரும் ஒரு சிறுமி அவற்றில் ஒன்றைத் தூக்கிச் சட்டையோடு அணைத்துக்கொண்டு வீட்டுக்கு வருகிறாள். படலையடியிலேயே தாய் தடுத்து நிறுத்துகிறாள். "ஏன் பிள்ளை இந்தச் சனியனைத் தூக்கிக்கொண்டு வந்தனீ? கொண்டுபோய் எடுத்த இடத்திலை விடு!"

தாய் சொல்வதிலும் நியாயம் இருக்கின்றது. மகளுடைய மனதிலும் நியாயம் இருக்கின்றது. வீட்டில் கைக்குழந்தை உண்டு. குட்டியின் வயிற்றிலோ பூச்சி உண்டு. கையிற் பணமில்லை. மறுபக்கத்தில் ஓர் உயிர் துடிக்கின்றது. இவ்விரு நியாயங்களுக்கும் இடையே நாம் எதைச் செய்யக் கடமைப்பட்டிருக்கிறோம் என்பதே இவ்வாரம் நாம் சேர்ந்து சிந்திக்க வேண்டிய விடயம்.

திருச்சபை என்ன சொல்கிறது?

வேதாகமத்தில் பூனை எத்தனை முறை வருகிறது என்று தேடிப் பார்த்ததுண்டா? கத்தோலிக்க வேதாகமத்தில் ஒரேயோர் இடத்தில்தான் வருகிறது. பாரூக்கு ஆகமத்தின் 6ஆம் அதிகாரத்தில், பாபிலோனின் விக்கிரகங்கள் மேல் வௌவால்களும் குருவிகளும் வந்திருப்பதைச் சொல்லும்போது பூனைகளும் அங்கே இருப்பதாகக் கூறப்படுகின்றது. அவ்வளவுதான். பூனையைப் பற்றிக் கட்டளையொன்றும் அங்கில்லை.

ஆனால் மிருகங்களைப் பற்றிய கட்டளைகள் பல உண்டு. பாரம் தாங்காமல் விழுந்து கிடக்கும் கழுதை உன் பகைவனுடையதாயினும் அதைத் தூக்கிவிட உதவு என்கிறது யாத்திராகமம். போரடிக்கும் மாட்டின் வாயைக் கட்டாதே என்றும், கூட்டிலே குஞ்சுகளோடு தாய்ப்பறவையைக் கண்டால் தாயைப் பிடிக்காதே என்றும் உபாகமம் விதிக்கின்றது. நீதிமான் தன் மிருகத்தின் உயிரைக் குறித்தும் கவலையுள்ளவன் என்று நீதிமொழிகள் நூல் அவனுக்கு அடையாளமே சொல்கிறது. நினிவே நகரத்தின்மேல் ஆண்டவர் இரங்கியதற்கான காரணங்களைச் சொல்லும் யோனாஸ் ஆகமம், அங்கிருந்த திரளான மிருகங்களைச் சொல்லித்தான் முடிகிறது. ஓய்வுநாளில் கிணற்றில் விழுந்த மாட்டைத் தூக்கிவிடாதவன் உங்களில் யார் என்று யேசுவும் கேட்டார். அதைக் கேட்ட பரிசேயர்களால் மறுத்துப் பேச முடியவில்லை.

புனித தோமாஸ் அக்குவினாஸ் 13ஆம் நூற்றாண்டில் இவற்றையெல்லாம் ஆராய்ந்து ஒரு விளக்கம் தந்தார். பகுத்தறிவில்லாத மிருகமும் நோவை உணர்கின்றது. ஆகவே அதன்மேல் மனிதனுக்கு இரக்கம் உண்டாவது இயல்பு. மிருகத்தின்மேல் இரங்கப் பழகியவன் மனிதன்மேல் இரங்க இன்னும் ஆயத்தமாயிருப்பான் என்பதே அவருடைய கருத்து. அவருடைய பார்வையில் மிருகத்துக்குக் காட்டும் இரக்கம் மனித நெஞ்சைப் பழக்கும் ஒரு பயிற்சி.

1992இல் பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் அங்கீகரித்த கத்தோலிக்க திருச்சபையின் மறைக்கல்வி நூல் இன்னும் ஒருபடி மேலே செல்கிறது. அதன் 2416 முதல் 2418 வரையுள்ள இலக்கங்களைப் படித்துப் பாருங்கள். மிருகங்கள் இறைவனின் படைப்புகள். அவை தாம் உயிரோடிருப்பதாலேயே அவரை மகிமைப்படுத்துகின்றன. ஆகவே மனிதர் அவற்றுக்கு அன்புகாட்டக் கடமைப்பட்டிருக்கின்றனர் என்று அங்கே கூறப்படுகின்றது. தேவையின்றி அவற்றைத் துன்புறுத்துவதும் கொல்வதும் மனித மாண்புக்கு முரணானவை என்றும் அது போதிக்கின்றது.

கவனியுங்கள்: இது விரும்பியவர் செய்யலாம் என்று விடப்பட்ட காரியமன்று. கடமை என்றே சொல்லப்பட்டிருக்கிறது.

ஏழைக்குரிய பணமல்லவா?

அதே மறைக்கல்வி நூல் அதே இடத்தில் மற்றோர் எச்சரிக்கையையும் விடுகின்றது. மனிதரின் துன்பம் தீர்க்க முதலிற் செலவிட வேண்டிய பணத்தை மிருகங்களுக்குச் செலவிடுவதும் தகாது. மனிதருக்கே உரிய பாசத்தை மிருகங்கள்பால் திருப்பிவிடுவதும் தகாது. பாப்பரசர் பிரான்சிஸ் 2015இல் வெளியிட்ட 'இறைவா உமக்கே புகழ்' என்னும் சுற்றுமடலிலும் இவ்விரு பக்கங்களும் உள்ளன. படைப்புகளிடம் கொடுமையாயிருக்கும் நெஞ்சு மனிதரிடமும் கொடுமையாகவே நடக்கும் என்கிறார். வனவிலங்குகளுக்காகக் குரல்கொடுத்துவிட்டு மனிதக் கடத்தலையும் ஏழைகளையும் கண்டுகொள்ளாதிருப்பது முரண்பாடு என்றும் சொல்கிறார்.

எனவே, தலைப்பைக் கண்டு முகம் சுளித்த வாசகருக்கு நமது மறுமொழி இது: உங்கள் கேள்வியின் அடிப்படை சரியானது. வரிசையில் மனிதர் முன்னே நிற்கின்றனர். 2022ஆம் ஆண்டு நெருக்கடியில் பால்மாவுக்கும் மருந்துக்கும் நாம் அலைந்ததை யாரும் மறந்திருக்க முடியாது. பிள்ளையின் பாலைப் பிடுங்கிப் பூனைக்கு வார்க்கும்படி எந்த நல்ல ஒழுக்கமும் கேட்காது.

ஆனால் நம்மை நாமே ஒன்று கேட்டுப் பார்க்க வேண்டும். பூனைக்குட்டிக்குச் செலவிடாமல் மிச்சம் பிடித்த பணம் உண்மையாகவே ஏழையின் கையைச் சென்றடைந்ததா? பெரும்பாலும் இல்லை. அது குளிர்பானத்துக்கும், பிறந்தநாள் வெடிக்கும், கைத்தொலைபேசி அட்டைக்கும் போய்விடுகிறது. ஏழையை நினைத்துப் பூனையைக் கைவிட்டவன், பிறகு அந்த ஏழையையும் மறந்துவிடுகிறான். ஏழைக்கு உண்மையாகவே கொடுக்கிறவர் இக்கேள்வியைக் கேட்கலாம். கொடுக்காதவர் கேட்டால் அது சாட்டு.

அன்றியும், ஒரு பூச்சி மருந்து பெரிய செலவன்று. இங்கே அதிகம் கேட்கப்படுவது நேரமும் பொறுமையும் அருவருப்பைத் தாங்கும் மனமுமேயாகும்.

தூக்கியவருக்கு வரும் பொறுப்பு

வழியில் கிடக்கும் ஒவ்வொரு குட்டியையும் தூக்கிவர ஒருவருக்கும் கடமையில்லை. முடியாததைச் செய்யும்படி எந்தச் சட்டமும் நம்மைக் கட்டாது. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்திலிருந்து வெளியேறிய மக்கள் நாய், பூனை, ஆடு, மாடுகளைக் கைவிட்டுத்தான் நடந்தார்கள். அவர்களை யார் குறைசொல்வார்? பிள்ளையைத் தூக்கிய கையில் பூனைக்கு இடமில்லை.

ஆனால் ஒன்றைத் தூக்கிய பின் நிலைமை மாறுகின்றது. அதை எடுத்த கணமே, அதற்கு இருந்த வேறு வாய்ப்புகளை நாம் எடுத்துவிட்டோம். தாய்ப்பூனை இரைதேடப் போயிருக்கலாம். திரும்பி வந்து குட்டியைத் தேடியிருக்கலாம். வேறொருவர் கண்டு எடுத்திருக்கலாம். ஆகையால் முதற் கடமை தூக்குவதன்று, பார்ப்பது. குட்டிகள் மறைவான இடத்தில் ஒன்றோடொன்று சேர்ந்து, வயிறு நிறைந்து, அமைதியாகக் கிடந்தால், சற்றுத் தள்ளி நின்று சில மணி நேரம் தாய் வருகிறதா என்று பாருங்கள். தாயைவிட நல்ல வளர்ப்புத்தாய் கிடையாது. சாக்கிலே கட்டி எறியப்பட்டவையாயின் காத்திருந்து பயனில்லை.

நல்ல சமாரியன் உவமை அடிபட்டுக் கிடந்த ஒரு மனிதனைப் பற்றியது. அதை மிருகத்துக்கு அப்படியே பொருத்தல் ஆகாது. எனினும் இரக்கம் எவ்வாறு நடக்கிறது என்பதை அதிலிருந்து கற்கலாம். அவன் இரங்கினான், கிட்டச் சென்றான், காயத்துக்கு எண்ணெயும் திராட்சை இரசமும் வார்த்தான், கட்டினான், சத்திரத்தில் சேர்த்தான், காசு கொடுத்தான், திரும்பி வருவதாகவும் சொன்னான். இரக்கம் என்ற ஒன்றுக்குப் பின்னால் எத்தனை வேலைகள்! எதை வார்க்க வேண்டும் என்ற அறிவும் அதில் உண்டு. தொடர்ந்து பார்க்கும் மனமும் உண்டு.

அறியாத இரக்கம் கொல்லும்

வாசகர்களே, நம் வீடுகளில் பெரும்பாலான குட்டிகள் கொடுமையினால் இறப்பதில்லை. இரக்கமுள்ளவர் கையிலேயே, அறியாமையினால் இறக்கின்றன. ஆதலால் இப்பகுதியைச் சற்று விரிவாகவே எழுதுகிறோம்.

முதலாவது தவறு, குளிர்ந்துபோன குட்டிக்கு உடனே பால் வார்ப்பது. உடல் குளிர்ந்திருக்கும்போது குட்டியின் குடல் இயங்காது. வார்த்த பால் உள்ளே கெட்டுவிடும், அல்லது மூச்சுக்குழாயிற் போகும். முதலிற் சூடு கொடுங்கள். சுடுநீர்ப் போத்தலைத் துவாயிற் சுற்றிப் பெட்டியின் ஒரு பக்கத்தில் வையுங்கள். சூடு கூடினால் குட்டி விலகிப் போக மறுபக்கத்தில் இடம் இருக்க வேண்டும். உடல் வெதுவெதுப்பான பின்னரே உணவு.

இரண்டாவது தவறு பசும்பால். பூனைக்குட்டியின் வயிறு பசும்பாலைத் தாங்காமல் வயிற்றோட்டம் அதிகமாகிறது. ஏற்கெனவே பூச்சியினால் வயிற்றோட்டம் உள்ள குட்டிக்கு இது ஆபத்து. பூனைக்குட்டிக்கென விற்கப்படும் பால்மா உண்டு. அது கிடையாவிடில் எதைக் கொடுக்கலாம் என்று மிருக வைத்தியரைக் கேளுங்கள். ஊட்டும்போது குழந்தையைப்போல மல்லாக்கக் கிடத்தாதீர்கள். தாயிடம் குடிப்பதுபோல வயிறு கீழேயிருக்க, தலை சற்று உயர்ந்திருக்க வேண்டும். பிறந்து மூன்று கிழமைக்குட்பட்ட குட்டி தானாகச் சலமலம் கழிக்காது. தாய் நக்குவதுபோல, வெந்நீரில் நனைத்த மெல்லிய துணியால் ஒவ்வொரு முறை ஊட்டிய பின்னும் துடைத்துவிட வேண்டும். இதை அறியாமல் பால் மட்டும் ஊட்டி, வயிறு வீங்கிச் சாகவிட்டவர் பலர்.

மூன்றாவது விடயம், பூச்சிகள். ஊதிய வயிறு, பொலிவற்ற மயிர், சத்தி, சிலவேளை சத்தியிலேயே நூல்போன்ற வெள்ளைப் புழு: இவை வட்டப்புழுவின் அறிகுறிகள். இப்புழு பூனைக்குட்டிக்குத் தாய்ப்பாலின் வழியாகவே வந்துவிடுகிறது. ஆகவே தெருக்குட்டி என்றாலே வயிற்றிற் பூச்சி உண்டு என்று எண்ணிக்கொள்வது தவறாகாது. மலத்தருகே அரிசிமணிபோல அசையும் துண்டுகள் தெரிந்தால் அது நாடாப்புழு; தெள்ளை விழுங்குவதால் வருவது. தெள்ளை ஒழிக்காமல் நாடாப்புழுவுக்கு மட்டும் மருந்து கொடுத்தால் அது மறுபடியும் வரும். முரசு வெளுத்து, மலம் கறுத்து, குட்டி சோர்ந்து கிடந்தால், குடற்சுவரில் ஒட்டி இரத்தம் உறிஞ்சும் கொக்கிப்புழுவாக இருக்கலாம். உடலெல்லாம் தெள்ளு மொய்த்தாலும் இரத்தம் குறைந்து முரசு வெளுக்கும்.

இந்தக் கொக்கிப்புழு வகைகளுள் ஒன்று நம் நாட்டின் பெயரையே தாங்கியிருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. லூஸ் என்னும் ஜெர்மானிய ஆராய்ச்சியாளர் 1911இல், இலங்கையிற் பிடிபட்ட ஒரு புனுகுப்பூனையின் குடலிற் கண்ட புழுவை விவரித்து, 'அன்சைலொஸ்டோமா சிலானிக்கம்' என்று பெயரிட்டார். சிலோனின் புழு என்பது பொருள். அது நாய்க்கும் பூனைக்கும் மட்டுமல்ல, மனிதருக்கும் குடலில் வளரக்கூடியது.

வேறு சில நோய்களுக்குக் காரணம் புழுவே அல்ல. கண்ணுக்குத் தெரியாத கொக்சிடியா, ஜியார்டியா என்னும் நுண்ணுயிர்கள் குடலில் இருந்து, சளியும் இரத்தமும் கலந்த, அல்லது தீராத நாற்றமுள்ள வயிற்றோட்டத்தை உண்டாக்குகின்றன. சாதாரண பூச்சி மருந்து கொக்சிடியாவைத் தொடாது. அதனால்தான் சிறிது மலத்தை ஒரு சுத்தமான போத்தலில் எடுத்துச் சென்று மிருக வைத்தியரிடம் காட்டச் சொல்கிறோம். நுண்ணோக்கியில் பார்த்தால் எது என்று தெரிந்துவிடும்.

வட்டப்புழுவுக்கும் கொக்கிப்புழுவுக்கும் பைரன்டெல் என்னும் மருந்தும், நாடாப்புழுவுக்குப் பிரசிகுவான்டெல் என்னும் மருந்தும் வழக்கமாகக் கொடுக்கப்படுகின்றன. குட்டிகளுக்கு மூன்றாவது கிழமையிலிருந்து இரண்டு கிழமைக்கு ஒருமுறை மருந்து கொடுக்கத் தொடங்குவது வழக்கம். ஒருமுறை கொடுத்து நிறுத்திவிடக் கூடாது. ஏனெனில் மருந்து கொல்வது குடலில் உள்ள புழுவையே. உடலுக்குள் அலைந்து திரியும் இளம்புழுக்கள் பின்னர் வந்து சேரும். அளவு குட்டியின் நிறையைப் பொறுத்தது. ஆகையால் 'பெரியவருக்குரிய குளிசையில் கால்வாசி' என்று கண்மதிப்பில் கொடுக்காதீர்கள். மிகவும் மெலிந்து, நீர்ச்சத்து இழந்த குட்டியை முதலில் தேற்றிய பிறகே மருந்து கொடுக்க வேண்டியிருக்கும். அதை வைத்தியர் தீர்மானிக்கட்டும். பிடரித் தோலை மெதுவாகத் தூக்கிவிட்டுப் பாருங்கள். அது உடனே படியாமல் நின்றால் நீர்ச்சத்து இல்லை, தாமதிக்கலாகாது.

நம் வீட்டு மருந்துப் பெட்டியில் உள்ள ஒன்று பூனைக்குக் கொடிய நஞ்சு. அது பனடோல். காய்ச்சலாயிருக்கிறதே என்று சிறு துண்டு பரசிற்றமோல் கொடுத்தாலும் பூனை இறக்கலாம். அதைச் சிதைத்து வெளியேற்றும் ஆற்றல் பூனையின் ஈரலுக்கு மிகக் குறைவு. நாய்க்குரிய சில தெள்ளு மருந்துகளிலுள்ள பெர்மெத்திரினும் அவ்வாறே. மண்ணெண்ணெய் பூசும் வழக்கத்தையும் விட்டொழியுங்கள். சிறு குட்டிக்குத் தெள்ளுச் சீப்பும் வெதுவெதுப்பான நீருமே போதும். குளிப்பாட்டினால் உடனே ஈரம் துடைத்துச் சூட்டில் வையுங்கள்.

குட்டி தேறுகிறதா என்பதை அறிய, சமையலறைத் தராசே போதும். பிறக்கும்போது ஏறக்குறைய 100 கிராம் இருக்கும் குட்டி, நாளுக்குப் பத்துக் கிராமாவது ஏற வேண்டும். நான்கு கிழமையில் ஏறத்தாழ 400 கிராம் இருக்கும். தினமும் ஒரே நேரத்தில் நிறுத்து, ஒரு கொப்பியில் எழுதும் வேலையைப் பிள்ளையிடம் கொடுங்கள். நிறை ஏறாமல் நின்றாலோ குறைந்தாலோ, கண்ணுக்கு நோய் தெரியுமுன்னரே கொப்பி அதைச் சொல்லிவிடும்.

வீட்டாரின் நலம்

படலையடியில் தடுத்த தாயை நாம் மறக்கவில்லை. அன்புக்கும் ஓர் ஒழுங்கு உண்டு. தன் வயிற்றுப் பிள்ளையைக் காப்பது அவளுடைய முதற் கடமை. பூனையின் வட்டப்புழு முட்டை மண்ணிற் கலந்து, விரல் சூப்பும் குழந்தையின் வாய்வழியே உள்ளே போனால், அது உடலுக்குள் அலைந்து ஈரலையோ கண்ணையோ பாதிக்கக்கூடும். கொக்கிப்புழுவின் இளம்புழு வெறுங்காலின் தோலைத் துளைத்து நுழையும்.

ஆனால் அச்சம் அளவோடு இருக்கட்டும். அன்று கழித்த மலத்திலுள்ள வட்டப்புழு முட்டை அன்றே தொற்றாது; அது முதிர இரண்டு மூன்று கிழமையாவது செல்லும். கொக்கிப்புழுவுக்கும் சில நாட்கள் வேண்டும். ஆகவே தினமும் மலத்தை அள்ளி ஆழப் புதைத்து, கையைச் சவர்க்காரமிட்டுக் கழுவி, குட்டியை ஒரு பெட்டியிலோ தனியறையிலோ வைத்திருக்கும் வீட்டில் ஆபத்து மிகக் குறைவு. வீட்டில் வேறு பூனையிருந்தால் இரண்டு கிழமையாவது பிரித்து வையுங்கள். கர்ப்பிணித் தாய்மார் பூனையின் மலத்தைத் தொடாதிருப்பது நல்லது. அதிலுள்ள டொக்சோபிளாஸ்மா என்னும் கிருமி கருவிலுள்ள சிசுவைப் பாதிக்கக்கூடியது. அதற்காகப் பூனையையே துரத்த வேண்டியதில்லை. அள்ளும் வேலையைக் கணவர் செய்யட்டும். அரைவேக்காட்டு இறைச்சியும் கழுவாத மரக்கறியும் கூட அதே கிருமியைக் கொண்டுவரும் என்பதையும் அறிந்துகொள்ளுங்கள்.

ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுப்பு வேண்டாம். தெருப்பூனை கடித்தாலோ கீறினாலோ, காயத்தைச் சவர்க்காரமும் ஓடும் நீரும் கொண்டு பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். நீர்வெறுப்பு நோய் நாயால் மட்டும் வருவதன்று.

ஆகவே தாய்க்கும் மகளுக்கும் இடையிலுள்ள வழக்குக்குத் தீர்ப்பு இதுதான்: இவ்வளவையும் செய்ய வீட்டார் ஆயத்தமாயின் குட்டி உள்ளே வரலாம். ஆயத்தமில்லையெனில், செய்யக்கூடிய ஒருவரிடம் அதைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதும் இரக்கமே. உள்ளே எடுத்துவிட்டு மூன்றாம் நாள் கோடிப்புறத்தில் விட்டுவிடுவது ஒன்றே இரக்கமாகாது.

காப்பாற்ற முடியாதபோது

எல்லாவற்றையும் சரியாகச் செய்தும் சில குட்டிகள் இறந்துவிடும். பூச்சி தின்ற குடலும் இரத்தமில்லாத உடலும் ஒரு குறித்த நிலையைத் தாண்டினால் மருந்துக்கு அடங்கா. இவ்விடத்தில் ஒரு கடினமான கேள்வி எழுகிறது. தேற வழியில்லாமல் நோவில் துடிக்கும் குட்டியை மிருக வைத்தியர் ஊசி போட்டு நோவின்றி இறக்கச் செய்யலாமா?

மனித உயிரைப் பொறுத்தவரையில் திருச்சபையின் போதனை தெளிவானது. கருணைக்கொலைக்கு அங்கே இடமேயில்லை. மிருகத்தின் நிலை வேறு. மறைக்கல்வி நூல் கண்டிப்பது தேவையற்ற துன்பத்தையும் தேவையற்ற சாவையும். தீராத வேதனையை முடிப்பது அக்கண்டனத்துக்குள் வராது. ஆனால் அதை வைத்தியர் பார்த்துச் சொல்ல வேண்டும். செலவையும் சிரமத்தையும் தவிர்ப்பதற்கு 'பாவம், சாகட்டும்' என்ற சொல்லைப் போர்வையாக்கக் கூடாது. சாக்கில் கட்டிக் குளத்தில் எறிவது எக்காலத்திலும் கொடுமையே.

குட்டி இறந்த வீட்டில் பிள்ளை அழும். "வெறும் பூனைக்குட்டிதானே" என்று அதட்டாதீர்கள். "இன்னொன்று பிடித்துத் தாறன்" என்று உடனே மறக்கடிக்கவும் வேண்டாம். அக்குட்டி கடைசி நான்கு நாளும் குளிரின்றி, பசியின்றி, ஒரு கையின் சூட்டில் கிடந்தது. அது பிள்ளை செய்த நற்காரியம். பலன் கிட்டாததால் அது இல்லாமற் போய்விடாது. நோயாளிகளைப் பராமரிக்கும் தாதியரும் நம் கன்னியரும் இதை நன்கறிவர்.

துன்பத்தின் வேர்

இதுவரை இரக்கத்தைப் பற்றிப் பேசினோம். நீதியைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அந்தப் பெட்டியை மதிலோரத்தில் வைத்தவர் யார்? வானத்திலிருந்து அது விழவில்லை. எலி பிடிக்கவென்று ஒரு பெண்பூனையை வளர்த்து, அது ஈன்ற குட்டிகளை இரவோடிரவாகக் கொண்டுவந்து விட்டவர் நம்மில் ஒருவரே. கோயில் வளவில் விட்டால் சுவாமியோ யாரோ பார்த்துக்கொள்வார் என்ற எண்ணம் வேறு!

பெண்பூனை நாலைந்து மாதத்திலேயே கருத்தரிக்கக்கூடியது. ஏறக்குறைய ஒன்பது கிழமையில் ஈனும். ஆண்டுக்கு இரண்டு மூன்று முறையும் ஈனும். கருத்தடைச் சத்திரசிகிச்சை ஒருமுறை செய்துவிட்டால் இந்தப் பெட்டிகளே இராது. அதைச் செய்யாமல் ஆண்டுதோறும் குட்டிகளை எறிந்துவிட்டு, எறியப்பட்ட ஒன்றுக்குப் பால் வார்ப்பவரைப் பார்த்துச் சிரிப்பது நேர்மையன்று. இந்நாட்டில் மிருகவதையைத் தடுக்க 1907இலேயே 13ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம் இயற்றப்பட்டது. ஆயினும் உரப்பையை இருளில் வைத்துவிட்டுப் போகிறவரைச் சட்டம் காண்பதில்லை. மனச்சாட்சி காண்கிறது.

சிறு வேலையின் பெருமை

புனித பிலிப்பு நேரியார் (1515–1595) 1583இல் உரோமையில் தாம் நெடுங்காலம் வாழ்ந்த சான் ஜிரோலமோ இல்லத்தைவிட்டு வல்லிசெல்லாவுக்குக் குடிபெயர்ந்தபோது, அவருடைய பூனை பழைய இல்லத்திலேயே தங்கிவிட்டது. அதற்கு உணவு கொடுத்துவரத் தம் சீடரை அனுப்பிவந்தார் என்றும், பூனையின் சுகத்தைப் பெரியோர் முன்னிலையிலேயே விசாரிப்பார் என்றும் அவர் வரலாறு கூறும். சீடர்களின் பெருமையை அடக்குவதற்கே அவர் அவ்வாறு செய்தார் என்பர். கற்றறிந்தவர்கள் பூனைக்கு இறைச்சி வாங்கப் போவதென்றால் வெட்கமாயிராதா? அந்த வெட்கத்தில்தான் பயிற்சி இருந்தது.

நோயுற்ற குட்டியின் மலத்தைத் துடைப்பதிலும் அதே பயிற்சி இருக்கிறது. அதை யாரும் புகழப்போவதில்லை. அந்தக் குட்டியும் நன்றி சொல்லாது. நாளைக்கு உங்கள் வீட்டில் பாட்டியார் படுக்கையில் விழுவார். தகப்பனாருக்குச் சலமலம் எடுக்க வேண்டி வரும். அருவருப்பைத் தாண்டிக் கைநீட்ட அன்று உங்கள் பிள்ளைக்கு யார் கற்றுக்கொடுத்திருப்பார்? புத்தகத்தில் அதைக் கற்பிக்க முடியாது. இரவு இரண்டு மணிக்கு எழுந்து பால் கரைத்து, துடைத்து, நிறுத்து, எழுதிய பிள்ளைக்குக் கை பழகியிருக்கும். மிருகத்துக்குக் காட்டிய இரக்கம் மனிதருக்குப் பாயும் என்று அக்குவினாஸ் சொன்னது இதைத்தான்.

ஆகவே, பெற்றோரே, அடுத்த முறை உங்கள் பிள்ளை பீளைக் கண்ணோடும் ஊதிய வயிற்றோடும் ஒன்றைத் தூக்கிக்கொண்டு படலையடிக்கு வரும்போது, உடனே 'வேண்டாம்' என்றும் சொல்லாதீர்கள். உடனே 'ஓம்' என்றும் சொல்லாதீர்கள். உட்கார்ந்து கேளுங்கள். "தினமும் மலம் அள்ளுவியா? கை கழுவுவியா? இரண்டு கிழமைக்கு ஒருக்கா மருந்து கொடுக்க மறக்காமல் இருப்பியா? செத்துப்போனால் தாங்குவியா? வளர்ந்த பிறகு கருத்தடைக்குக் கொண்டுபோவமா?" பிள்ளை யோசித்து 'ஓம்' என்றால், அந்த 'ஓம்' எவ்வளவு பெறுமதியானது என்பதை நீங்களே அறிவீர்கள். அப்போது ஒரு பழைய பெட்டியையும் சுடுநீர்ப் போத்தலையும் எடுத்துக் கொடுங்கள். முதல் இரவில் நீங்களும் கூட இருங்கள்.